மாநாட்டில் எனக்கு எட்டு நிமிடம்: சிறைத்துறைத் தலைவர்கள் முன்னால் என்ன பேசட்டும்?

பொருநைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். தென் மாவட்டம் ஒன்றில் நன்னடத்தை அலுவலராக (ப்ரொபேஷன் ஆபீசர்) இருக்கிறேன். பணிக்கு வந்து ஏழு வருடம். அடுத்த மாதம் டெல்லியில் மூன்று நாள் தேசிய மாநாடு நடக்கிறது. பல மாநிலங்களின் சிறைத்துறைத் தலைவர்கள், டிஐஜிக்கள், உள்துறை அதிகாரிகள், ஏழைகளுக்குச் சட்ட உதவி தரும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவைச் சேர்ந்தவர்கள் எல்லாம் வருகிறார்கள். இந்த மாதிரிக் கூட்டத்துக்கு எங்கள் அலுவலகத்திலிருந்து எப்போதும் மூத்தவர் ஒருவர்தான் போவார். அவருக்குக் கண் ஆபரேஷன். அதனால் என் பெயரை எழுதி அனுப்பிவிட்டார்கள், அனுமதி ஆணையும் வந்துவிட்டது.

இரண்டாம் நாள் மதியம் எனக்கு எட்டு நிமிடம். நான் இதுவரை பேசிய பெரிய கூட்டம் என்றால் ஒரு கல்லூரியில் எழுபது மாணவிகள். ஸ்லைடு செய்ய உட்கார்ந்தேன், இருபத்திரண்டு ஆகிவிட்டது. 1936-லேயே மெட்ராஸ் மாகாணத்தில் நன்னடத்தைச் சட்டம் வந்தது, 1958-ல் மத்திய சட்டம் வந்தது, நாங்கள் வீட்டுக்குப் போய் விசாரிக்கிறோம், நீதிமன்றத்துக்கு அறிக்கை தருகிறோம், சிறைவாசி விடுப்பு கேட்டால் ஊரில் விசாரித்து எழுதுகிறோம் என்று போகிறது. எழுதிய எனக்கே படிக்கப் பிடிக்கவில்லை.

இப்படிப்பட்ட மாநாட்டுக்குப் போய் வந்தவர்கள் சொல்லுங்கள். எதைப் பேசினால் அந்த அறையில் இருப்பவர்கள் காது கொடுப்பார்கள்? மூன்று நாளில் நான் எதைக் கவனிக்க வேண்டும்? சும்மா போய்விட்டு வந்தேன் என்று ஆகிவிடக் கூடாது, அதுதான் என் பயம்.

பழைய சாவிக்கொத்து

வணக்கம் அம்மா. சிறைத்துறையில் முப்பத்து மூன்று வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். இருபத்திரண்டு ஸ்லைடையும் அழித்துவிடுங்கள். சட்டம் வந்த வருடம் அங்கே வருகிற எல்லோருக்கும் தெரியும்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். நான் முதன்முதலாக வெளிமாநில மாநாட்டுக்குப் போனபோது மூன்று நாளும் எழுதிக்கொண்டே இருந்தேன். ஒரு நோட்டு முழுக்க நிரம்பிவிட்டது. ஊருக்கு வந்ததும் அதை பீரோவில் வைத்தேன். வருடக் கணக்கில் அங்கேயே கிடந்தது. அதிலிருந்த ஒன்றையும் நான் செய்யவில்லை. காரணம், நான் எழுதியதெல்லாம் அரசாணை வேண்டிய காரியம், நிதி வேண்டிய காரியம், புதுக் கட்டடம் வேண்டிய காரியம்.

பிறகு ஒரு முறை சிறை அலுவலர் பயிற்சி நிறுவனமான வேலூர் ஆப்காவுக்குப் பயிற்சிக்குப் போனேன். 1979-லிருந்து தென் மாநிலச் சிறை அலுவலர்களுக்கு அங்கேதான் பயிற்சி. வகுப்பில் கேட்டது பாதி மறந்துவிட்டது. ஆனால் சாப்பாட்டுக் கூடத்தில் பக்கத்து மாநில அலுவலர் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னது மறக்கவில்லை. அவர் சிறையில் மனு பார்க்க, அதாவது கைதியைச் சந்திக்க, வருகிறவர்களுக்கு வந்த வரிசைப்படி டோக்கன் தருவதில்லையாம். எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறார்கள் என்று பார்த்துத் தருவாராம். கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்களுக்கு முதல் இடம். ஊருக்குத் திரும்பிய அடுத்த திங்கட்கிழமையே நானும் அதைச் செய்தேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, பத்து பைசா செலவில்லை. பேரன் பேத்தியைக் கூட்டிக்கொண்டு விடியற்காலையிலிருந்து வாசலில் உட்கார்ந்திருக்கும் கிழவிகள் மத்தியானத்துக்குள் பஸ் ஏறினார்கள்.

அதனால் நீங்கள் தேட வேண்டியது ஒன்றுதான். உங்கள் மாவட்டத்தில், உங்கள் கையெழுத்தில், அல்லது உங்களோடு வேலை செய்கிற சூப்பிரண்டு கையெழுத்தில் முடிகிற காரியம் யாரிடமாவது இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று கிடைத்தால் போதும். மேடையை விட டீ குடிக்கும் இடத்தில்தான் அது கிடைக்கும்.

கோர்ட்டுப்படி

ஐயா சொன்னதை அப்படியே ஆமோதிக்கிறேன். நான் சட்ட உதவி வழக்கறிஞர். பேச விஷயம் வேண்டும் என்றால் உங்கள் கையிலேயே இருக்கிறது மேடம்.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 கடைசியில் இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேர் இன்னும் தண்டிக்கப்படாதவர்கள். இடம் இருப்பதோ 4,36,266 பேருக்குத்தான். இதை நீங்கள் சொன்னால் யாரும் நிமிர மாட்டார்கள், ஏனென்றால் முந்தைய பேச்சாளர் ஐந்து பேரும் இதையே சொல்லியிருப்பார்கள். அங்கே யாரும் சொல்லாத ஒரு கணக்கு உண்டு. ஜாமீன் கிடைத்தும் உள்ளேயே இருக்கிறவர்கள் உங்கள் மாவட்டத்தில் எத்தனை பேர்?

கோர்ட் ஜாமீன் கொடுத்துவிடும். இரண்டு ஜாமீன்தாரர், அதுவும் ரத்த சம்பந்தம் உள்ளவராக வேண்டும் என்று நிபந்தனை இருக்கும். வீட்டில் வரி ரசீது காட்ட நிலம் இருக்காது. சொந்தக்காரர் கையெழுத்துப் போட வர மாட்டார். ஆள் உள்ளேயே கிடப்பார். உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 31 அன்று இதற்குத் தெளிவான வழி சொல்லியிருக்கிறது. ஜாமீன் கொடுத்த நாளை இ-பிரிசன்ஸ் மென்பொருளில் பதிய வேண்டும். ஏழு நாளில் ஆள் வெளியே போகவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதம் ஆகியும் பத்திரம் கொடுக்க முடியவில்லை என்றால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றம் தானாகவே எடுத்துப் பார்க்கலாம். ஏழைச் சிறைவாசிகளுக்கான மத்தியத் திட்டமும் இருக்கிறது. 2023-ல் அது தொடங்கியபோது பிணைத் தொகைக்கு 40,000 ரூபாய் வரை, அபராதம் கட்ட 25,000 ரூபாய் வரை என்று வைத்தார்கள்.

இது ஒன்று. அப்புறம் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 479-ஆம் பிரிவு. இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாதவர், தன் மேல் உள்ள குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைக் காவலில் கழித்துவிட்டால் ஜாமீனுக்குத் தகுதி. மற்றவர்களுக்குப் பாதி. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்குப் பொருந்தாது. கோர்ட்டுக்கு எழுத வேண்டிய பொறுப்பைச் சட்டமே சிறைக் கண்காணிப்பாளர் மீது வைத்திருக்கிறது. இந்தச் சட்டம் அமலுக்கு வந்த 2024 ஜூலை 1-க்கு முன் பதிவான வழக்குகளுக்கும் இது செல்லும் என்று 2024 ஆகஸ்ட் 23-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருந்தால் இந்தக் கதவு மூடிவிடும். சின்னச் சின்னத் திருட்டு வழக்கு மூன்று நான்கு உள்ள ஏழைப் பையன்கள் முழுக்க அங்கேதான் மாட்டுகிறார்கள். உள்துறை அதிகாரிகள் எதிரில் இருக்கும்போது இதைச் சொல்லுங்கள்.

கரிசல்மண்

எல்லோரும் நல்ல யோசனை சொல்கிறீர்கள். நான் மாறுபட்டுப் பேசுகிறேன், கோபிக்க வேண்டாம். பதினைந்து வருடமாக விடுதலையானவர்களோடும் அவர்கள் குடும்பங்களோடும் வேலை செய்கிறேன். இந்த மாநாடுகளால் அவர்கள் வாழ்க்கையில் ஒன்றும் மாறியதை நான் பார்த்ததில்லை.

சிறைச் சீர்திருத்தத்துக்கான நீதிபதி முல்லா குழு 1980-ல் அமைந்து 1983-ல் அறிக்கை கொடுத்தது. நாடு முழுக்கப் பொருந்தும் புதிய சிறைச் சட்டம் வேண்டும் என்று அப்போதே சொன்னார்கள். மத்திய அரசு மாதிரிச் சட்டம் என்று ஒன்றை வெளியிட்டது 2023-ல். நாற்பது வருடம். இடையில் எத்தனை மாநாடு, எத்தனை தீர்மானம், எத்தனை சால்வை! 1894-ஆம் வருடச் சட்டத்தை வைத்துக்கொண்டேதான் இத்தனை காலம் ஓட்டியிருக்கிறோம்.

சாதி விஷயத்தைப் பாருங்கள். சிறைக்குள் சாதி பார்த்து வேலை கொடுப்பதும், சாதி பார்த்துப் பிளாக் பிரிப்பதும் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 2024 அக்டோபர் 3-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கொடுத்தது. சுகன்யா சாந்தா என்ற பத்திரிகையாளர் தொடுத்த வழக்கு அது, அவர் எழுதிய கட்டுரையிலிருந்து பிறந்தது. எந்த மாநாட்டுத் தீர்மானத்திலிருந்தும் வரவில்லை. நம்முடைய பாளையங்கோட்டை மத்திய சிறையில் சாதி வாரியாக அடைப்பதை எதிர்த்து முன்பே ஒரு வழக்கு நடந்தது. மோதலைத் தவிர்க்கத்தான் அப்படிச் செய்கிறோம் என்று அரசு சொன்னதைச் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதையும் உச்ச நீதிமன்றம் இந்தத் தீர்ப்பில் எடுத்துப் பேசி, ஏற்க முடியாது என்று சொல்லிவிட்டது.

நான் கேட்பது இதுதான். அந்த மூன்று நாளில் உள்ளே இருந்து வந்த ஒருவராவது மேடை ஏறுகிறாரா? வாசலில் காத்திருக்கும் தாய் ஒருத்தியாவது? சிறையைப் பற்றிய கூட்டத்தில் சிறையை அனுபவித்தவர் இல்லை என்றால் அங்கே என்ன பேசப் போகிறார்கள்?

பழைய சாவிக்கொத்து

கரிசல்மண் தம்பி, உங்கள் கோபம் நியாயம். பாளையங்கோட்டை பற்றி எழுதியிருக்கிறீர்கள், அதனால் நானும் மறைக்காமல் சொல்கிறேன். நான் வேலை பார்த்த இடங்களிலும் பிரித்து அடைத்திருக்கிறோம். சண்டை வராமல் இருக்க இதுதான் வழி என்று மனதார நம்பினோம். அது தவறு. ஒருவன் வெளியில் சுமந்த சாதியை உள்ளே வந்ததும் நாங்களே பதிவேட்டில் எழுதி அவன் தலையில் திரும்ப ஏற்றினோம். தீர்ப்பைப் படித்த அன்று எனக்கு இரவில் தூக்கம் வரவில்லை.

ஆனால் மாநாட்டால் ஒன்றுமே நடக்காது என்பதை நான் ஏற்கவில்லை. 1955-ல் ஜெனீவாவில் ஐக்கிய நாடுகள் சபை குற்றத் தடுப்புப் பற்றிய முதல் மாநாட்டைக் கூட்டியது. சிறைவாசிகளை நடத்துவதற்கான குறைந்தபட்ச விதிகள் அங்கேதான் நிறைவேறின. அறுபது வருடம் கழித்து அவற்றைத் திருத்த வேண்டும் என்று வல்லுநர்கள் வியன்னாவிலும் புவனெஸ் அயர்ஸிலும் கேப் டவுனிலும் உட்கார்ந்து வரி வரியாகப் பேசினார்கள். 2015 டிசம்பரில் அது நெல்சன் மண்டேலா விதிகள் என்று வெளிவந்தது. இருபத்தேழு வருடம் சிறையில் இருந்த மனிதரின் பெயர். தொடர்ந்து 15 நாளுக்கு மேல் தனிமைச் சிறை கூடாது என்று அதில் இருக்கிறது. முன்பெல்லாம் 'நீண்ட நாள்' என்று மொட்டையாகப் பேசுவார்கள், அதை எந்த அலுவலரும் தன் வசதிக்கு வளைக்கலாம். 15 என்று எண் வந்த பிறகு வளைக்க முடியாது. நம் நாட்டு நீதிமன்றங்களும் இந்த விதிகளை எடுத்துக் காட்டுகின்றன.

அந்த எண்ணை யாரோ ஒருவர் ஒரு கூட்டத்தில் விடாமல் கேட்டிருப்பார். பத்திரிகையாளரும் வேண்டும், வழக்கும் வேண்டும், கூட்டத்தில் விடாமல் கேட்கிற ஆளும் வேண்டும். இந்த அம்மா அப்படிக் கேட்கிற ஆளாகப் போகட்டும்.

இரண்டாம்நிலை

மேடம், நான் இரண்டாம் நிலைக் காவலர். வெளியில் வார்டர் என்று சொல்வார்கள். இதுவரை எந்த மாநாட்டுக்கும் போனதில்லை, எங்களைக் கூப்பிடவும் மாட்டார்கள். தலைவர்கள் மாநாடு, சரி. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவன் தூக்குப் போட முயன்றால் முதலில் கம்பியைத் திறந்து அவன் காலைப் பிடித்துத் தூக்குகிறவன் நான். அவனுக்கு அன்று ஜாமீன் மறுத்தார்கள் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். தெரிந்திருந்தால் அந்த அறைப்பக்கம் இன்னும் இரண்டு நடை கூட நடந்திருப்பேன்.

எட்டு நிமிடத்தில் அரை நிமிடம் எங்களுக்குக் கொடுங்கள். கோர்ட்டிலிருந்து திரும்புகிறவர்களில் யாருக்கு மனு தள்ளுபடி, யாருக்குத் தண்டனை என்று அன்று மாலையே இரவு டூட்டி பார்ப்பவருக்கு ஒரு சீட்டு வர வேண்டும். அவ்வளவுதான்.

தெம்பனிஸ்

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். விடுதலையானவர்களுக்கான பின்கவனிப்பில் தொண்டூழியர். இந்த வார்டர் அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

உலகச் சிறைத்துறைகளின் சங்கம் ஒன்று 1998-லிருந்து இயங்குகிறது. அதன் ஆண்டு மாநாடு 2024-ல் இங்கே நடந்தது. நான் அதில் கலந்துகொள்ளவில்லை, ஆனால் கரிசல்மண் அண்ணன் கேட்ட கேள்விக்கு இங்கே நடப்பதைச் சொல்லலாம். 2004-ல் தொடங்கிய மஞ்சள் ரிப்பன் திட்டத்தில் விடுதலையானவர்களே மேடை ஏறிப் பேசுகிறார்கள், முதலாளிகள் எதிரில் உட்கார்ந்து கேட்கிறார்கள். 1998-ல் வெளியே வந்தவர்களில் 44 சதவீதம் பேர் இரண்டு வருடத்துக்குள் திரும்பவும் உள்ளே போனார்கள். இப்போது ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான். எல்லாம் அந்த ரிப்பனால் என்று சொல்ல மாட்டேன். சிறை அதிகாரியின் வேலை விடுதலை நாளோடு முடிவதில்லை என்று இங்கே கொள்கையாகவே வைத்திருக்கிறார்கள், அதற்குப் பெரிய பங்கு இருக்கிறது. இங்கே தண்டனைகள் கடுமையானவை, அதில் எனக்குச் சங்கடம் உண்டு. அது தனி விவாதம்.

பொருநைக்கரை

எல்லோருக்கும் நன்றி. ஸ்லைடு எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். கணக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். போய்விட்டு வந்து எழுதுகிறேன்.

பொருநைக்கரை (ஐந்து வாரம் கழித்து)

வந்துவிட்டேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் முழுக்கத் தொடக்க விழாவும் தொழில்நுட்பமும். கைப்பேசியை முடக்கும் கருவி, உடல் ஸ்கேனர், காணொலி விசாரணை. பக்கத்து அரங்கில் கம்பெனிக்காரர்கள் கடை போட்டிருந்தார்கள், அங்கேதான் கூட்டம் அதிகம். காணொலி விசாரணை பற்றி ஒரு பெண் நீதிபதி மட்டும் மனதில் நிற்பதுபோல் பேசினார். வழிக்காவல் போலீஸ் இல்லை என்று வாய்தா தள்ளிப்போவது குறைந்திருக்கிறது, நல்லதுதான், ஆனால் கோர்ட் வராந்தாவில் ஐந்து நிமிடம் மகனைப் பார்த்துவிட்டுப் போகும் அம்மாவுக்கு அந்த ஐந்து நிமிடமும் போய்விட்டது என்றார்.

இரண்டாம் நாள் எல்லாம் தள்ளிப்போய் என் எட்டு நிமிடம் நான்கு ஆனது. மேடையில் ஏறும்போது கை நடுங்கியது. ஒரே ஒருவரைப் பற்றி மட்டும் சொன்னேன். வயல் மோட்டார் திருடிய வழக்கு, வயது 23. அம்மா பீடி சுற்றுகிறார். ஜாமீன் கிடைத்து 47 நாள் ஆகியும் உள்ளே இருந்தான். இரண்டு ஜாமீன்தாரர் கிடைக்கவில்லை. அந்த அம்மா என்னிடம், "ஜாமீன் கெடச்சிட்டுன்னு வக்கீல் சொன்னாரு, பெறகு எதுக்கும்மா விட மாட்டேங்குறாங்க?" என்று கேட்டார். அதைத் தமிழிலேயே சொல்லிவிட்டு ஆங்கிலத்தில் விளக்கினேன். பிறகு எங்கள் மாவட்டத்தில் அப்படி இருந்த 14 பேரின் கணக்கைச் சொன்னேன். மீதி அரை நிமிடத்தில் இரவு டூட்டிக்காரருக்கான சீட்டு. இரண்டாம்நிலை தம்பி, நீங்கள் எழுதியதை ஏறக்குறைய உங்கள் சொற்களிலேயே சொன்னேன். அறை அமைதியாகிவிட்டது. 479-ல் பல வழக்குப் பிரச்சினையைச் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது, கோர்ட்டுப்படி சார்.

ஐயா சொன்னது போலவே டீ குடிக்கும் இடத்தில்தான் கிடைத்தது. வேறு மாநிலத்தைச் சேர்ந்த சிறைக் கண்காணிப்பாளர் அம்மா ஒருவர் தேடி வந்தார். ஏழு நாள் ஆனவர்கள் பட்டியலை அவர் மாதம் ஒருமுறை அனுப்புவதில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் மத்தியானத்துக்குள் செயலாளரின் மின்னஞ்சலுக்குப் போய்விடும். அதில் ஒரு பத்தி கூடுதலாக வைத்திருக்கிறார்: ஏன் வெளியே போகவில்லை? ஜாமீன்தாரர் இல்லையா, பணம் இல்லையா, வீட்டுக்குத் தகவலே போகவில்லையா, இன்னொரு வழக்கு இருக்கிறதா. பட்டியல் மட்டும் இருந்தால் அது வெறும் எண், காரணம் எழுதியிருந்தால் செயலாளருக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று தெரியும் என்றார். தன் கைப்பேசியிலிருந்து படிவத்தை அப்போதே அனுப்பினார். இரவு சாப்பாட்டின்போது இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். தாயோடு சிறையில் ஆறு வயது வரை வளரும் குழந்தைகளைப் பற்றி அவர் சொன்னதைத் தனி இழையாக எழுத வேண்டும்.

கரிசல்மண் அண்ணா, நீங்கள் சொன்னது உண்மை. மூன்று நாளில் உள்ளே இருந்து வந்த ஒருவர்கூட மேடையில் இல்லை. கருத்துப் படிவத்தில் அதை மட்டும் எழுதி என் பெயரும் பதவியும் போட்டுக் கொடுத்தேன்.

கரிசல்மண்

பெயர் போட்டுக் கொடுத்தீர்கள் என்பதற்காகவே நன்றி. அரசு வேலையில் இருக்கிறவர்கள் அதைச் செய்வது சுலபம் இல்லை என்று எனக்குத் தெரியும். அந்த 23 வயதுப் பையன் என்ன ஆனான்?

பொருநைக்கரை

வெளியே வந்துவிட்டான் அண்ணா. நான் டெல்லியிலிருந்து திரும்பிய வாரமே செயலாளர் மனுப் போட ஏற்பாடு செய்தார், சொந்த ஜாமீனில் விட்டார்கள். இங்கே கண்காணிப்பாளர் சனிக்கிழமைப் பட்டியலுக்கு ஒத்துக்கொண்டார். நான்கு சனிக்கிழமை ஆகிறது. 14 பேரில் 6 பேர் போய்விட்டார்கள். மூன்று பேருக்கு வேறு வழக்கு இருப்பதால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இருவருடைய வீட்டுக்குத் தகவலே போகவில்லை, அவர்களைத் தேடி நானே ஊருக்குப் போகிறேன்.

இரண்டாம்நிலை

மேடம், சீட்டு விஷயத்தை மேடையில் சொன்னதற்கு நன்றி. எங்கள் சிறையில் என்னோடு டூட்டி பார்ப்பவர்கள் நான்கு பேருக்குப் படித்துக் காட்டினேன். அந்தப் படிவத்தை எங்கள் ஜெயிலர் சாரிடம் காட்டலாமா? இங்கே ஒருவன் இருக்கிறான். வேறு மாவட்டக் கோர்ட்டில் ஜாமீன் கிடைத்தது என்று அவனே சொல்கிறான். ஆனால் எங்கள் கம்ப்யூட்டரில் அப்படி எதுவும் ஏறவில்லை. அவன் சொல்வதை யாரும் நம்பவில்லை.

பொருநைக்கரை

தாராளமாகக் காட்டுங்கள் தம்பி, தனிச் செய்தியில் அனுப்பியிருக்கிறேன். அந்தப் பையன் சொல்லும் கோர்ட் எது, வழக்கு எண் அவனுக்கு நினைவிருக்கிறதா என்று மட்டும் கேட்டு இன்று ராத்திரிக்குள் எனக்கு எழுதுங்கள். நாளை வெள்ளிக்கிழமை, அந்த மாவட்டச் செயலாளர் அலுவலகத்தில் இருப்பார். மாநாட்டில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்தான். கூப்பிட்டுப் பேசுகிறேன்.